மூச்சுக்குழல் துளைப்பு நோயாளிகளுக்கான பேச்சு, விழுங்கல் சிகிச்சை

மூச்சுக்குழல் துளைப்பு நோயாளிகளுக்கான பேச்சு, விழுங்கல் சிகிச்சை என்பது, கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் குழாய் பொருத்தப்பட்டவர்கள் மீண்டும் குரல் எழுப்பவும், உணவையும் உமிழ்நீரையும் புரையேறாமல் விழுங்கவும் அளிக்கப்படும் மறுவாழ்வு மருத்துவம் ஆகும். பேச்சு சிகிச்சையாளர் இதனை முன்னின்று நடத்துகிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர், தீவிர சிகிச்சை மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோர் உடன் பணியாற்றுகின்றனர். நோயாளியின் வீட்டாரும் இக்குழுவின் உறுப்பினர்களே. மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் வேலையின் பெரும்பகுதி அவர்கள் கைக்கே வந்து சேர்கிறது.

இத்துளையிடும் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் நாளிதழ்களிலும் டிரக்கியாஸ்டமி என்றே வழங்கப்படுகிறது. பேச்சுவழக்கில் தொண்டையில் ஓட்டை போடுதல் என்பர். உண்மையில் துளை இடப்படுவது தொண்டையில் அன்று. குரல்வளைக்குக் கீழே உள்ள மூச்சுக்குழலில். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் இக்கட்டுரையில் கூறப்படும் அனைத்திற்கும் அதுவே அடிப்படை. துளை குரல்நாண்களுக்குக் கீழே இருப்பதால் குரல்நாண்கள் பழுதின்றி இருந்தும் குரல் எழுவதில்லை.

காற்றும் உணவும்

வாய்க்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதி காற்றுக்கும் உணவுக்கும் பொதுவான வழியாகும். அதன் அடியில் முன்புறமாக மூச்சுக்குழலும் பின்புறமாக உணவுக்குழாயும் பிரிகின்றன. மூச்சுக்குழலின் வாயிலில் குரல்வளை அமைந்துள்ளது. ஒருவர் விழுங்கும்போது குரல்வளை மேலும் முன்னும் உயர்கிறது. குரல்வளை மூடி கவிழ்கிறது. குரல்நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவு உணவுக்குழாய்க்குள் சென்றபின் பெரும்பாலானோர் மூச்சை வெளியே விடுகின்றனர். வாயிலில் தங்கிய துணுக்கு ஏதேனும் இருந்தால் அக்காற்று அதனை வெளியே தள்ளிவிடும். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நொடியில் நடந்து முடிகிறது.

இந்த ஒழுங்கு தவறி உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் செல்வதையே புரையேறுதல் என்கிறோம். நலமாக உள்ளவருக்குப் புரையேறினால் உடனே கடும் இருமல் வரும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி வீட்டில் தலையில் தட்டுவதும் உண்டு. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கோ நெடுநாள் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கோ குரல்வளையின் உணர்ச்சி மங்கிவிடுவதால், நுரையீரலுக்குள் உணவு சென்றும் இருமல் வராமல் போகலாம். இதனை ஓசையற்ற புரையேறுதல் எனலாம். ‘இருமவில்லை, ஆகவே நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்று வீட்டார் எண்ணுவது இங்குதான் பொய்த்துப்போகிறது. நுரையீரல் அழற்சி வந்த பின்னரே உண்மை தெரியவரும்.

குழாய் செய்யும் மாற்றங்கள்

பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் பொருத்தப்படும் குழாயின் கீழ்ப்பகுதியைச் சுற்றி, கஃப் எனப்படும் சிறிய காற்றுப்பை இருக்கும். அதனை ஊதி நிரப்பினால் குழாய்க்கும் மூச்சுக்குழல் சுவருக்கும் இடையேயுள்ள இடைவெளி அடைபடும். செயற்கைச் சுவாசக் கருவி செலுத்தும் காற்று மேல்நோக்கிக் கசியாமல் நுரையீரலுக்குச் செல்ல இது தேவை. ஆனால் காற்று மேலே செல்லாததால் குரல்நாண்கள் அதிர்வதில்லை. மூக்கின் வழியாகக் காற்று செல்லாததால் மணம் தெரிவதில்லை; மணம் தெரியாததால் சுவையும் குன்றுகிறது. குரல்நாண்களை மூடி மூச்சை அடக்க இயலாததால் வலுவாக இருமவும், மலம் கழிக்க முக்கவும், பளு தூக்கவும் கடினமாகிறது. மூக்கு செய்துவந்த மூன்று வேலைகளான வடிகட்டல், சூடேற்றல், ஈரமூட்டல் ஆகியவையும் நின்றுவிடுவதால் சளி கெட்டிப்படுகிறது.

ஊதிய கஃப் புரையேறுதலைத் தடுக்கும் என்ற கருத்து மருத்துவப் பணியாளர்களிடையேகூடக் காணப்படுகிறது. இது சரியன்று. குரல்நாண்களைத் தாண்டி வந்துவிட்ட எதுவும் ஏற்கெனவே மூச்சுவழிக்குள் நுழைந்துவிட்டதாகவே பொருள். அது கஃப்பின் மேல் தேங்கி நின்று, பின்னர் ஓரங்களின் வழியே சிறிது சிறிதாகக் கீழே கசியும். கஃப்பை அளவுக்கு மீறி ஊதினால் அது பின்னால் உள்ள உணவுக்குழாயை அழுத்துவதோடு மூச்சுக்குழல் சுவரின் குருதியோட்டத்தையும் கெடுக்கும். எனவே அதன் அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 செ.மீ. நீரழுத்த அளவுக்குள் வைக்கப்படுகிறது.

விழுங்கற் குறைபாட்டிற்குக் குழாய் மட்டுமே காரணம் என்று கொள்ளவும் கூடாது. பக்கவாதம், தலைக்காயம், நரம்புத் தளர்ச்சி நோய்கள், நெடுநாள் படுக்கையால் வந்த தசை நலிவு என, எந்நோய்க்காகத் துளையிடப்பட்டதோ அந்நோயே பெரும்பாலும் முதன்மைக் காரணமாக இருக்கும். குழாய் அதன்மேல் ஏறிய கூடுதல் சுமை ஆகும்.

வரலாறு

மூச்சுவழியைத் திறக்கும் அறுவை பழமையானது. இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மூசா பிராசவோலா 1546இல் இதனை வெற்றிகரமாகச் செய்ததாகப் பதிவு உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் துரூசோ தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத்திணறிய குழந்தைகளுக்கு இதனைப் பரவலாகச் செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான செவாலியே ஜாக்சன் அறுவை முறையை ஒழுங்குபடுத்தினார். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் மூச்சுக்குழல் துளையின் வழியே கையால் காற்றைச் செலுத்தி நோயாளிகளைக் காத்தார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாக இந்நிகழ்வு கருதப்படுகிறது. 1985இல் பாஸ்குவாலே சியாக்லியா, படுக்கையருகிலேயே ஊசித்துளையை விரித்துக் குழாய் பொருத்தும் முறையை வெளியிட்டார். அதன்பின் இச்சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை பெருகியது.

உயிரைக் காப்பதே நோக்கமாக இருந்த இந்நெடிய வரலாற்றில் குரலைப் பற்றிய அக்கறை மிகத் தாமதமாகவே வந்தது. அதிலும் முக்கியமான கண்டுபிடிப்பைச் செய்தவர் ஒரு நோயாளி. தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், தமது 23ஆம் வயதில் மூச்சு நின்று, துளையிடப்பட்டுச் செயற்கைச் சுவாசக் கருவியைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்தார். பேச இயலாத நிலையை ஏற்க மனமின்றி அவர் வடிவமைத்த ஒருவழி வால்வே, விக்டர் பாசி என்ற மருத்துவரின் துணையுடன் 1980களில் பாசி-மியூர் வால்வு என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. மியூர் 1990இல் மறைந்தார்.

குரலை மீட்டல்

வழி எதுவாயினும் நோக்கம் ஒன்றே: நுரையீரலில் இருந்து வரும் காற்றைக் குரல்நாண்களின் வழியே மேலே அனுப்ப வேண்டும். முதற்படியாக, மருத்துவரின் ஒப்புதலுடன் கஃப்பின் காற்று சிறிது சிறிதாக வெளியேற்றப்படும். அதற்குமுன் வாயிலும் குழாயிலும் உள்ள சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையெனில் கஃப்பின் மேல் தேங்கியிருந்தது முழுவதும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பல நாள்களாகக் காற்றே படாதிருந்த குரல்வளையில் திடீரெனக் காற்று படும்போது நோயாளி இருமுவது இயல்பு. அதனைத் தோல்வி என்று கருதி உடனே கஃப்பை ஊதிவிடக் கூடாது.

அடுத்து, கையுறை அணிந்த விரலால் மூச்சு வெளிவிடும் நேரத்தில் மட்டும் குழாயின் வாயை அடைத்து ‘ஆ’ என்று சொல்லச் செய்வர். குரல் வந்தால் மேல்வழி திறந்துள்ளது என்று பொருள். குரல் வராமல் மூச்சுத்திணறல் ஏற்பட்டால், குழாய் அளவில் பெரியதாக இருக்கலாம் அல்லது குரல்வளையில் வீக்கமோ சுருக்கமோ இருக்கலாம். அகநோக்கிக் கருவியால் பார்த்து முடிவு செய்யப்படும்.

பேச்சு வால்வு என்பது உள்மூச்சின்போது திறந்து, வெளிமூச்சின்போது மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு. சைக்கிள் டியூபின் வால்வைப் போன்றதே இதன் தத்துவம். காற்று குழாய் வழியே உள்ளே வரும். வெளியேற அவ்வழி கிடையாது என்பதால் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே குரல்வளைக்கு ஏறும். குரல் கிடைப்பதோடு, குரல்வளைக்குக் கீழே இயல்பான அழுத்தம் திரும்புவதால் இருமலும் விழுங்கலும் மேம்படுகின்றன. மணமும் ஓரளவு திரும்புகிறது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் அணிவித்து, குருதியின் உயிர்வளி அளவையும் மூச்சு வீதத்தையும் கண்காணித்து, நாளடைவில் நேரத்தைக் கூட்டுவர்.

கஃப் ஊதிய நிலையில் இவ்வால்வைப் பொருத்தினால் உள்ளே சென்ற காற்று வெளியேற வழியே இருக்காது. சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து நேரும். வால்வைப் பற்றி வேறு எதனை மறந்தாலும் இதனை மறக்கலாகாது. வால்வு பயன்படுத்தும் நோயாளியின் படுக்கையருகே எச்சரிக்கை அட்டை மாட்டுவது இதனாலேயே. நினைவிழந்தவர்கள், மேல் மூச்சுவழி அடைபட்டவர்கள், கெட்டியான சளி மிகுந்தவர்கள், நுரைப்பஞ்சு நிரப்பிய கஃப் உடைய குழாய் அணிந்தவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தாது. உறங்கும்போது கழற்றிவிடுவதே பொதுவான நடைமுறை.

குரல்வளையையே புற்றுநோய்க்காக முழுவதும் அகற்றிக்கொண்டவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களின் கழுத்துத்துளையே நிலையான ஒரே மூச்சுவழி. வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. அத்துளையில் பேச்சு வால்வைப் பொருத்துவது உயிரைப் பறிக்கும். அவர்கள் உணவுக்குழாய்க் குரல், மின்குரல்வளைக் கருவி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் செயற்கைக் குரல் அமைப்பு ஆகியவற்றால் பேசுகின்றனர். இறுதியாகக் கூறிய அமைப்பின் விலை இந்திய நோயாளிகள் பலருக்கு எட்டாததாக இருந்ததால், பெங்களூரைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ 50 ரூபாய் விலையிலான ‘ஓம்’ என்ற அமைப்பை உருவாக்கினார்.

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களும் பேச இயலும். கஃப்பைச் சற்றுத் தளர்த்தி, கருவியின் அமைப்புகளை மாற்றி, கசியும் காற்றைக் கொண்டு பேசச் செய்வது ஒரு முறை. கஃப்பைத் தளர்த்தவே இயலாதவர்களுக்கு, கஃப்பின் மேலுள்ள தனிச் சிறுகுழல் வழியே வெளியிலிருந்து காற்றைச் செலுத்தும் முறையும் உண்டு.

குரல் திரும்பும் வரை

குரல் திரும்ப வாரங்கள் ஆகலாம். அதுவரை நோயாளியை ஊமையாக விட்டுவைப்பது, உடல்நோயோடு மனநோயையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தலையசைத்தல், கண் இமைத்தல், எழுதுபலகை, படப்பலகை, கைப்பேசி ஆகியன இடைக்கால வழிகள்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வீட்டார் முயல்வர். தமிழில் இதற்குச் சில தடைகள் உள்ளன. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ‘படி’ என்பதையும் ‘மடி’ என்பதையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. லகர, ளகர, ழகரங்கள் நாவின் வேலை என்பதால் ‘வலி’ என்றாரா ‘வழி’ என்றாரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ககரம் முழுவதும் வாயின் பின்புறம் பிறப்பது. எனவே சொற்பலகை இன்றியமையாதது. 247 எழுத்துகளையும் அச்சிட்ட பலகை நோயாளியைக் களைப்படையச் செய்யும். உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் தனித்தனி வரிசைகளாக அமைத்து, உதவியாளர் வரிசை வரிசையாகச் சுட்ட, நோயாளி கண் இமைத்துத் தேர்வு செய்வது எளிது. அதற்கும் முன்னதாக வலி, தாகம், சளி, மூச்சு, திருப்பிப் படுக்கவை, விளக்கை அணை, யார் வந்தது, எப்போது வீடு ஆகியன போன்ற பத்துப் பதினைந்து சொற்கள் கொண்ட ஒற்றைத்தாள் போதுமானது.

பிரித்தானிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. 1985இல் சுவிட்சர்லாந்துப் பயணத்தின்போது நுரையீரல் அழற்சி கண்டு, மூச்சுக்குழல் துளைக்கப்பட்டு, எஞ்சியிருந்த பேச்சையும் இழந்தார். தொடக்கத்தில் எழுத்தட்டையில் புருவத்தை உயர்த்தி எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார். கணினிக் குரல் அதன்பின்னர் வந்ததே.

விழுங்கல் மதிப்பீடு

வாய்வழி உணவு தொடங்கும் முன்னர் நோயாளியின் விழிப்புநிலை, நா மற்றும் உதட்டின் வலு, உமிழ்நீரைத் தானே விழுங்குகிறாரா, எவ்வளவு அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டியுள்ளது ஆகியவை பார்க்கப்படும். மனிதர் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட உமிழ்நீரை விழுங்குகிறார். அதனையே கையாள இயலாதவருக்கு உணவு கொடுப்பதில் பொருளில்லை.

நீலச்சாயச் சோதனை 1973இல் கேமரன் குழுவினரால் வெளியிடப்பட்டது. நீலம் கலந்த நீரையோ உணவையோ சிறிதளவு கொடுத்து, குழாய் வழியே உறிஞ்சும் சளியில் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பதே இது. செலவில்லாத முறை என்பதால் இந்தியாவில் இன்றும் பயன்படுகிறது. நீலம் தெரிந்தால் புரையேறுகிறது என்று உறுதி கொள்ளலாம். தெரியாவிட்டால் புரையேறவில்லை என்று உறுதி கொள்ள இயலாது. சிற்றளவில் புரையேறுவதை இச்சோதனை அடிக்கடித் தவறவிடுகிறது. குழாய்வழித் திரவ உணவில் நீலச்சாயத்தைத் தொடர்ந்து கலப்பது வேறு செயல். அதனால் நச்சு விளைவுகளும் இறப்புகளும் நேர்ந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2003இல் எச்சரித்தது.

உறுதியான முறைகள் இரண்டு. மூக்கின் வழியே மெல்லிய அகநோக்கியைச் செலுத்தி, விழுங்கும்போது குரல்வளையை நேரில் காணும் முறையை 1988இல் சூசன் லாங்மோர் குழுவினர் அறிமுகப்படுத்தினர். படுக்கையருகிலேயே செய்யலாம் என்பது இதன் பெரும் நன்மை. மற்றொன்று, பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்-கதிர் நிகழ்படமாகப் பதிவது. இதனை வளர்த்தெடுத்தவர் ஜெரிலின் லோக்மன்.

பயிற்சிகளும் உணவின் பதமும்

பயிற்சிகள் இருவகைப்படும். முதல்வகை அப்போதைக்குப் பாதுகாப்பைத் தருவது: தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குதல், மூச்சை அடக்கி விழுங்கி, உடனே இருமி, மீண்டும் விழுங்குதல், வலுவான பக்கமாகத் தலையைச் சாய்த்தல் போன்றவை. இரண்டாம் வகை தசையை வலுப்படுத்துவது: குரல்வளை உயர்ந்த நிலையில் சில நொடிகள் நிறுத்திப் பிடிக்கும் மெண்டல்சன் முறை, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் உயர்த்திக் கால்விரல்களைப் பார்க்கும் ஷேக்கர் பயிற்சி, முழு வலுவுடன் விழுங்குதல் ஆகியன. கழுத்தில் குழாய் உள்ளவர்களுக்குத் தலையை உயர்த்தும் பயிற்சி எல்லா நேரமும் உகந்ததன்று.

உணவின் பதத்தை உலகெங்கும் ஒரே அளவுகோலால் குறிக்க, 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கொண்ட ஒரு பன்னாட்டு வகைப்பாடு புழக்கத்தில் உள்ளது. நீர்மங்களைச் சோதிக்க 10 மி.லி. ஊசிக்குழல் ஒன்றே போதும். முனையை விரலால் அடைத்து 10 மி.லி. நிரப்பி, விரலை எடுத்து 10 நொடிகள் வடியவிட வேண்டும். எஞ்சியது 1 மி.லி.க்குக் குறைவு எனில் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் எனில் நிலை 3. சிறிதும் வடியவில்லை எனில் நிலை 4 அல்லது அதற்கு மேல். வெவ்வேறு உற்பத்தியாளர்களின் ஊசிக்குழல்கள் நீளத்தில் வேறுபடும் என்பதால் 10 மி.லி. அளவுகோட்டின் நீளம் 61.5 மி.மீ. உள்ளதையே பயன்படுத்த வேண்டும்.

தமிழர் உணவை இவ்வகைப்பாட்டில் பொருத்துவது ஆர்வமூட்டும் வேலை. தண்ணீர், மோர், இளநீர், தெளிந்த ரசம் யாவும் நிலை 0. விழுங்கற் குறைபாடு உள்ளவருக்கு மிகவும் கடினமானவை இவையே; வேகமாக ஓடுவதால் குரல்வளை மூடும் முன்னரே உள்ளே இறங்கிவிடுகின்றன. நோயாளிக்கு முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது. கட்டியின்றிக் கிண்டிய கேழ்வரகுக் கூழும் அரைத்து வடிகட்டிய அரிசிக் கஞ்சியும் தேவையான பதத்திற்குக் கொண்டுவர எளியவை. குழைந்த தயிர்சாதத்தை மசித்து மசியலாக்கலாம். ரசம் சாதம் மென்மையாகத் தோன்றினாலும் நீரும் பருக்கையும் தனித்தனியே பிரிவதால் இருபத உணவாகிறது. சேமியாப் பாயசமும் அவ்வாறே. இட்லி மென்மையானது எனினும் வாயில் உதிரும். புட்டு அதனினும் உதிரும். பஞ்சாமிர்தம் ஒட்டும் தன்மையோடு பேரீச்சைத் துண்டு, கற்கண்டு ஆகியவற்றையும் கொண்டது. அன்பின் காரணமாக விரலால் தொட்டு நாவில் வைக்கப்படும் பிரசாதம் என்பதால் இதனைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது.

அரிசிமாவு, சவ்வரிசி போன்ற மாவுப்பொருளால் கெட்டியாக்கிய பானங்கள், வாயிலுள்ள உமிழ்நீர் கலந்தவுடன் மீண்டும் நீர்த்துவிடும். எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் போட்டால் கிண்ணம் முழுவதுமே நீர்த்துப்போகும். ஆதலால் மருத்துவமனைகளில் சாந்தன் பிசின் கொண்ட பொடிகள் விரும்பப்படுகின்றன. வாயைச் சுத்தமாக வைத்திருத்தல் எல்லா முறைகளிலும் மலிவானது, மிகவும் பயனுள்ளது. புரையேறும் உமிழ்நீரில் கிருமி குறைந்தால் நுரையீரல் அழற்சியும் குறையும்.

குழாய் நீக்கம்

மூச்சு சீராக இருத்தல், சளியைத் தானே இருமி வெளியேற்றல், உமிழ்நீரை விழுங்கல், மேல்வழி திறந்திருத்தல் ஆகிய நான்கும் நிறைவேறினால் குழாயை நீக்கலாம். சிறிய அளவுக் குழாய்க்கு மாற்றி, மூடியால் அடைத்து ஒருநாளோ அதற்கு மேலோ கண்காணித்த பின்னர் நீக்குவது வழக்கம். துளை பெரும்பாலும் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் கட்டின்மேல் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பக்கவாதத்திற்குப் பின் விழுங்கற் குறைபாட்டால் மட்டுமே குழாயை நீக்க இயலாதவர்களுக்குத் தொண்டையில் மெல்லிய மின்தூண்டல் அளிக்கும் முறை 2018இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் சோதிக்கப்பட்டது. தூண்டல் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் பொய்த்தூண்டல் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரும் குழாய் நீக்கத்திற்குத் தகுதி பெற்றனர். இக்கருவி விலை மிகுந்தது.

மழலை மொழியும் முன்னரே துளையிடப்பட்ட குழந்தைகளின் நிலை தனித்தது. அவர்கள் இழந்த பேச்சை மீட்பதில்லை. இனிமேல்தான் கற்க வேண்டும். தன் அழுகுரலையே கேட்டறியாத குழந்தைக்கு ஒலி எழுப்புவதன் பயன் தெரியாது. எனவே இயன்றவரை விரைவில் வால்வும், அதனோடு சைகைகளும் கற்பிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இச்சிகிச்சை முறையின் பெயர் பொதுமக்களின் காதில் விழுந்தது 2016இல் ஆகும். அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவிற்கு அக்டோபரில் மூச்சுக்குழல் துளைக்கப்பட்டது. அம்மாத இறுதியில் இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான படிவங்களில் கையொப்பத்திற்கு மாறாகப் பெருவிரல் ரேகை இடம்பெற்றது. டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டதையும் வலக்கை வீக்கத்தையும் காரணம் காட்டி அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்தார். குழாயில் பொருத்திய கருவியின் துணையுடன் அவர் சில நிமிடங்கள் பேசுகிறார் என்று நவம்பரில் அப்போலோ மருத்துவமனையின் தலைவர் பிரதாப் ரெட்டி தெரிவித்தார். டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமானார். அக்கைரேகை பின்னர் நீதிமன்றம் சென்றது. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் தொகுதி வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பேச இயலாத நோயாளியின் ஒப்புதலை எவ்வாறு பெறுவது, எவ்வாறு பதிவது என்ற வினா எல்லாத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் நாள்தோறும் எழுவதே. அது அரசியலை எட்டியபோது மட்டும் செய்தியானது.

அதே 2016 டிசம்பரில், மேடைப்பேச்சால் அறியப்பட்ட மு. கருணாநிதிக்கும் 92ஆம் வயதில் காவேரி மருத்துவமனையில் இதே அறுவை செய்யப்பட்டது. டிசம்பர் 23 அன்று வீடு திரும்பிய அவர், குழாயுடனேயே கோபாலபுரம் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் வாழ்ந்தார். 2018 ஜூலை 18 அன்று குழாய் மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 7 அன்று காலமானார். நெடுநாள் குழாயுடன் வீட்டிலேயே பேணப்பட இயலும் என்பதை இந்நிகழ்வு பலருக்கு உணர்த்தியது. முதுமையில் குரல் முழுமையாகத் திரும்புவது எளிதன்று என்பதையும் உணர்த்தியது.

பெயர் அறியப்படாத நோயாளிகளின் காரணங்கள் வேறானவை. சாலை விபத்தில் தலைக்காயம், பக்கவாதம், கில்லன்-பாரே நோய், பூச்சிக்கொல்லி நஞ்சு ஆகியவை முதன்மையானவை. பூச்சிக்கொல்லி நஞ்சுண்டவர்களுக்கு ஏறத்தாழ 1 முதல் 4 நாள்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும் நிலையை, 1987இல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்க, லட்சுமண் கரலியத்த ஆகியோர் முதன்முதலில் விரிவாக விளக்கினர். இந்நிலையில் உள்ளோர் வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் இருக்க நேரலாம். பெரும்பாலும் இளம் வயதினர் என்பதால், முறையான சிகிச்சை கிடைத்தால் பேச்சும் விழுங்கலும் முழுமையாகத் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

இந்தியாவில் இத்துறைக்கான முதன்மை நிறுவனம் 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் ஆகும். தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, முட்டுக்காட்டில் உள்ள தேசிய பல்வகை மாற்றுத்திறனாளர் நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் கேட்பியல், பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு உள்ளது. உள்ளுறைப் பயிற்சியுடன் இது 4 ஆண்டுகள். பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டம் பெற்றோரில் பலர் காது கேட்கும் கருவித் துறைக்கும் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சிப் பணிக்கும் சென்றுவிடுவதால், தீவிர சிகிச்சைப் பிரிவில் விழுங்கலைப் பார்ப்போர் சிலரே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டை வரையறுக்கும்போது குரல்வளை அகற்றம் போன்ற நிலையான இழப்புகளையே குறிப்பிடுகிறது. தற்காலிகக் குழாய் உள்ளவர்கள் இதனுள் தாமாக அடங்குவதில்லை.

திருத்தணி வட்டாரம்

திருத்தணி, சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டித் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்த மலைக்கோயில் ஊராகும். 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதி இது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர் என்பதால் பேச்சு சிகிச்சையில் இது நேரடியாக எதிரொலிக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் கற்றவருக்குச் சொற்பலகையை எம்மொழியில் அமைப்பது என்பதை வீட்டாரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பேசுமொழி ஒன்றாகவும் எழுத்து மற்றொன்றாகவும் இருப்பவருக்குத் தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய பலகையே பொருந்தும்.

சென்னை–திருப்பதி தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. ஊரில் அரசு மருத்துவமனை உள்ளது. 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கடும் காயமுற்றோர் சென்னைக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ கொண்டுசெல்லப்படுகின்றனர். 2022இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இராணிப்பேட்டை அருகே பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துடன் புதிய வளாகத்தைத் தொடங்கியது. இக்கல்லூரி 1966இலேயே மறுவாழ்வு நிலையம் கண்டது. விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அதனை உருவாக்கினார்.

உயிர்காக்கும் சிகிச்சை பெருநகரில் கிடைத்துவிடுகிறது. 108 ஊர்தி 2008 முதலும், விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதலும் உள்ளன. குரலுக்கான சிகிச்சையோ 49ஆம் மணி நேரத்திற்கு வெகுநாள் பின்னரே தொடங்குகிறது. வாரம் இருமுறை சென்னை சென்றுவர நோயாளிக்கு வாகனமும், உடன்வருபவருக்கு ஒருநாள் கூலி இழப்பும் ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புச் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுவந்தது. பேச்சுப் பயிற்சி, உலக வங்கி உதவியுடன் நடைபெறும் உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்களில் சேர்க்கப்பட்டுள்ளது. இடைக்காலத்தில் காணொளி வழியாகப் பயிற்சிகளைக் கண்காணிக்கலாம்; ஆயினும் முதன்முறை வால்வு பொருத்துவதும் கஃப்பைத் தளர்த்துவதும் நேரில் மட்டுமே செய்யத்தக்கவை.

வட்டாரத்திற்கே உரிய சில எச்சரிக்கைகள் உண்டு. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பகுதிகளில் விசைத்தறி பரவலாக உள்ளது. பல வீடுகளில் தறியும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மூக்கின் வடிகட்டல் இல்லாத குழாய்க்குள் பஞ்சுத்தூசு நேரே செல்லும். ஈரவெப்ப வடிகட்டியோ, இயலாவிடில் ஈரப்படுத்திய மெல்லிய துணியோ குழாய்வாயின் முன் இருக்க வேண்டும். நோய் தீர்ந்தால் திருத்தணி வந்து முடியிறக்கி நீராடுவதாக வேண்டிக்கொள்வோர் பலர். குழாய் உள்ளவரையும், நீக்கியபின் துளை முழுவதும் மூடும்வரையும், சரவணப் பொய்கையில் மூழ்குவதும் தலையில் குடம் குடமாக நீர் ஊற்றுவதும் கூடாது. துளைவழியே நீர் நேரே நுரையீரலுக்குள் செல்லும். மழித்த முடித்துணுக்குகள் குழாயில் விழாதவாறு கழுத்தைச் சுற்றித் துணி கட்டுதல் வேண்டும். 365 படிகளை ஏறுவதற்கு மாறாக மலைமேல் வரை வாகனம் செல்லும் சாலை உள்ளது. கற்பூரப் புகையிலிருந்து விலகி நிற்பதும், சளி உறிஞ்சும் கருவியையும் மாற்றுக் குழாயையும் உடன் எடுத்துச் செல்வதும் அவசியம்.